காமன் க்ரோவா, காமன் மைமா? வேடமிடும் பட்டாம்பூச்சியை அடையாளம் காண்பது

கல்லாறு ஓடைக்கரையில் ஈரமணலில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சியைப் படமெடுத்திருக்கிறீர்கள். சிறகோரத்தில் வெள்ளைப் புள்ளிகள். உடன் வந்தவர்களில் ஒருவர் அதைக் காமன் க்ரோ என்கிறார். இன்னொருவர், அது க்ரோ இல்லை, க்ரோவைப் போல வேடமிடும் காமன் மைம் என்கிறார். இரண்டில் எது, எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, "ஒரு பூச்சிக்கு இன்னொரு பூச்சியைப் பார்த்து வேடம் போடத் தெரியுமா?" என்று, உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். பூச்சிக்குத் தெரியாது. காமன் மைம் தன் சிறகைத் தானே பார்த்ததில்லை, க்ரோவின் சிறகைப் பார்த்துப் பழகியதும் இல்லை. கூட்டைவிட்டு வெளியே வரும்போதே சிறகின் நிறம் முடிந்துபோன விஷயம், பிறகு ஒரு புள்ளிகூடக் கூடாது, குறையாது. அந்த உருவத்தைச் செதுக்கியது தலைமுறை தலைமுறையாக அதை உற்றுப் பார்த்த பறவைகளின் கண். க்ரோவைப் போலத் தெரிந்தவை கொஞ்சம் கூடுதலாகத் தப்பின, தெரியாதவை கொஞ்சம் கூடுதலாக இரையாயின. இதிலிருந்தே அடையாளம் காணும் வழியும் பிறக்கிறது. பறவை பார்க்கிற இடங்களில் மட்டும்தான் மைம் க்ரோவைப் போல இருக்கும். பறவை பார்க்காத இடங்களில், அதாவது கால், சிறகின் உள்ளோரம், முட்டை, புழு, கூடு எல்லாவற்றிலும், அது தன் சொந்தக் குடும்பத்தின் பிள்ளையாகவே இருக்கும். ஆகவே மொத்தத் தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏமாற்று வேலை முழுக்க அந்த மொத்தத் தோற்றத்தில்தான் நடக்கிறது.

காமன் க்ரோவைத் தமிழில் வெண்புள்ளிக் கருப்பன் என்கிறார்கள். எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன், மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகப் பறந்துபோகும் ப்ளூ டைகர் எல்லாம் அதன் நெருங்கிய உறவு. காமன் மைமோ அந்தக் கூட்டத்தில் சேராது. அது அழகிகள் குடும்பம். எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலையிலும் புழுவாக வளர்ந்து, பல இனங்களில் பின்சிறகில் வாலோடு பறப்பவை இருக்கின்றனவே, அவற்றின் பங்காளி. மைமுக்கு மட்டும் அந்த வால் இல்லை. க்ரோவுக்கும் வால் கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, சிறகு விரித்தால் ஒன்பது, பத்து சென்டிமீட்டர். அளவை வைத்துப் பிரிக்கப் பார்ப்பது வீண்.

களத்தில் முதலில் தேட வேண்டியது மஞ்சள். மைம் சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது பின்சிறகின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளியோரத்தை ஒட்டி வரிசையாக மஞ்சள் புள்ளிகள் தெரியும். க்ரோவுக்கு அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான், மஞ்சள் ஒரு துளியும் இருக்காது. சிறகை விரித்து உட்கார்ந்தால் இந்த அடையாளம் ஏறக்குறைய மறைந்துவிடும், பின்சிறகின் உள்மூலையில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கலாம். மேற்புறத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. மைமின் பின்சிறகில் ஓரத்துக்குச் சற்று உள்ளே உள்ள வெள்ளைக் குறிகள் அம்புமுனை போலக் கூராக உள்நோக்கி நீளும். க்ரோவின் புள்ளிகள் பெரும்பாலும் வட்டமாக, சில இடத்தில் நீள்வட்டமாக, தனித்தனியே இரண்டு வரிசையில் நிற்கும். இந்த அம்புமுனைக் குறி பூச்சிக்குப் பூச்சி நீளமும் அகலமும் மாறும் என்பதால் அதை மட்டும் நம்பி நான் பெயர் சொல்வதில்லை.

மஞ்சள் புள்ளியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது இருப்பது சிறகின் விளிம்பில். பட்டாம்பூச்சிக்கு வயதாக ஆக முதலில் கிழிவதும் அந்த விளிம்புதான். முள்ளில் உரசியும் ஓணான் கடித்தும் ஓரம் போன பூச்சியில் மஞ்சள் புள்ளிகள் பாதியோ முழுவதுமோ காணாமல் போயிருக்கும். "மஞ்சள் இல்லை, ஆகவே க்ரோ" என்ற முடிவு இந்த இடத்தில்தான் பலருக்குத் தவறிப்போகிறது. மஞ்சள் இருந்தால் மைம் என்று துணிந்து சொல்லலாம். மஞ்சள் இல்லாவிட்டால், விளிம்பு முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவு.

அப்படிக் கிழிந்த பூச்சிக்கும் பொய் சொல்லாத சாட்சி கால்கள். அழகிகள் குடும்பத்தில் ஆறு கால்களும் முழு நீளம், ஆறையும் ஊன்றித்தான் நிற்கும். க்ரோவும் அதன் உறவுக்காரர்களும் நான்கு கால்களில் நிற்பவை. முன்கால் இரண்டும் சிறுத்துப்போய், நெஞ்சோடு மடங்கி, நடப்பதற்கு உதவாதவை. பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஒரு பக்கக் கால்களை எண்ணுங்கள். மூன்று தெரிந்தால் மைம் பக்கம், இரண்டு தெரிந்தால் க்ரோ பக்கம். ஈரமணலில் உறிஞ்சும் பூச்சி இதற்கு மிகவும் வசதி, கால்கள் திறந்தவெளியில் தெளிவாகத் தெரியும். பூக்கொத்தில் உட்கார்ந்தால் ஒரு கால் இதழுக்குள் மறைந்துவிடும், அப்போது எண்ணிக்கை தவறும். சில பூச்சிகள் காலை இழந்தும் திரியும். அதனால் "இரண்டுதான் தெரிகிறது" என்பதைவிட "மூன்றும் தெரிகின்றன" என்பதே வலுவான சாட்சி.

மூன்றாவது இடம் வயிற்றுப் பகுதி. க்ரோ சிறகை மூடும்போது பின்சிறகின் உள்ளோரம் வளைந்து ஒரு வாய்க்கால் போலாகி வயிற்றை இரு பக்கமும் அணைத்துக்கொள்ளும். அழகிகளுக்கு அந்த உள்ளோரம் உள்வாங்கி வெட்டினாற்போல இருக்கும், வயிறு சிறகுக்குள் அடங்காமல் தனியே வெளியே நிற்கும். கொஞ்சம் பழகிவிட்டால் கால்களை எண்ணாமலே இந்த ஒன்றை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிட முடியும். தலையிலும் நெஞ்சிலும் உள்ள வெள்ளைப் பொட்டுகளை மட்டும் நம்பாதீர்கள். க்ரோ குடும்பத்தின் முத்திரை அந்தப் பொட்டுகள், ஆனால் மைம் அதையும் நகல் எடுத்து வைத்திருக்கிறது. பறவை முன்பக்கமாகப் பாய்ந்து வரும்போது கண்ணில் படுவது தலைதானே.

பறக்கும் விதம் இன்னும் வியப்பு. நஞ்சுள்ள பட்டாம்பூச்சிகள் அவசரப்படுவதில்லை. நாலு தடவை சிறகடித்து, பிறகு சிறகை விரித்தபடியே மிதந்து போகும். மைமும் யாரும் தொந்தரவு செய்யாதவரை அதே நடைதான் நடக்கும். கையை ஓங்கினாலோ பறவை துரத்தினாலோ நடிப்பு முடிந்துவிடும், அழகிகளுக்கே உரிய வேகத்தில் வளைந்து நெளிந்து பறந்துவிடும். பூவில் தேன் குடிக்கும்போதும் அழகிகள் பெரும்பாலும் முன்சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், க்ரோ சிறகை மூடி அமைதியாகக் குடிக்கும். மணலில் உறிஞ்சும் மைம் அசையாமலும் இருக்கும் என்பதால் உங்கள் படத்துக்கு இந்தக் குறிப்பு உதவாது. மணலில் இப்படி உறிஞ்ச வருபவை பெரும்பாலும் ஆண்கள். மண்ணில் உள்ள சோடியம் உப்புக்காகத்தான் வருகின்றன.

இதுவரை சொன்னது இரண்டே பூச்சிகளுக்கு இடையில். மேற்குத்தொடர்ச்சி மலையில் க்ரோவின் வேடம் போடுபவர் மைம் ஒருவர் மட்டும் இல்லை. மலபார் ராவன் என்று இந்த மலைக்கே உரிய ஓர் அழகி இருக்கிறது. அதுவும் க்ரோவைப் போலவே பழுப்புக் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள், வால் இல்லை, ஆறு கால். ஆனால் மைமின் மஞ்சள் புள்ளி வரிசை அதற்கு இல்லை. அதனால் ஆறு கால் என்று கண்டதும் மைம் என்று எழுதிவிடாதீர்கள், மஞ்சளும் சேர்ந்தால்தான் உறுதி. கிரேட் எக்ஃப்ளை என்ற பட்டாம்பூச்சியின் பெண்ணும் தூரத்தில் க்ரோவைப் போலத் தெரியும். அது நாலு காலில் நிற்கும் குடும்பத்தையே சேர்ந்தது, ஆகவே அங்கே கால் கணக்கு உதவாது. கால் கணக்கு அழகிகளைப் பிரிக்க மட்டும்தான்.

அடுத்து, மைமுக்கே இரண்டு உருவம் உண்டு. இது தெரியாமல் பலர் ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிடுகிறார்கள். ஒன்று க்ரோவைப் போன்ற கறுப்பு உருவம், நாம் இதுவரை பேசியது. இன்னொன்றில் கறுப்புச் சிறகு முழுக்க வெண்மையான நீளக் கோடுகள், பார்த்தால் அப்படியே ப்ளூ டைகர். இரண்டு உருவத்திலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஒரே தாய் இட்ட முட்டைகளில் இருந்தே இரண்டும் வரலாம், இரண்டும் தங்களுக்குள் இணைசேரும். கோடு போட்ட உருவத்துக்கும் பின்சிறகு ஓரத்தில் அந்த மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ப்ளூ டைகரின் கோடுகளில் இளநீலம் ஓடும், மைமின் கோடுகள் பாலாடை நிறம். இங்கும் குறுக்கே வர ஒரு மூன்றாவது ஆள் உண்டு. வாண்டரர் என்ற பூச்சியின் பெண்ணும் டைகர்களின் கோட்டு வேடம் போட்டதுதான். அது வெள்ளையன்கள் குடும்பம், அதற்கும் ஆறு காலும் முழு நீளம். மைமைவிடச் சிறியது, மஞ்சள் புள்ளிகள் கிடையாது.

ஒரே இனம் எதற்காக இரண்டு வேடம் போட வேண்டும்? இந்த ஏமாற்று வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. பறவை க்ரோவைக் கொத்தி, கசந்து, துப்பி, இனி இந்த உருவத்தைத் தொடுவதில்லை என்று பழகுகிறது. அந்தப் பாடம் நிலைக்க, கொத்தியவற்றில் பெரும்பாலானவை கசப்பாக இருந்தாக வேண்டும். க்ரோ வேடமிட்ட, கசக்காத பூச்சிகள் அதிகமாகிவிட்டால் பறவைக்கு நல்ல தீனியே அடிக்கடி கிடைக்கும், பாடம் தலைகீழாகிவிடும், அசல் க்ரோவும் சேர்ந்து அடி வாங்கும். ஆகவே வேடமிடுபவர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்வரைதான் வேடம் பலிக்கும். இரண்டு அசல்களைப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொரு வேடமும் தன் அளவில் அரிதாகவே இருக்கும், மொத்தக் கூட்டமும் பெருகலாம். உங்கள் படத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கறுப்பில் வெள்ளைப் புள்ளி கண்டால் பெரும்பாலும் அது க்ரோவாகவே இருக்கும், மைம் என்று சொல்பவர்தான் சாட்சி காட்ட வேண்டும்.

முட்டையிலும் புழுவிலும் கூட்டிலும் க்ரோ வேடமே இல்லை, அங்கே குழப்பமும் இல்லை. க்ரோவின் புழு அரளி, ஆல் அத்தி வகை மரங்கள், நன்னாரி போன்றவற்றைத் தின்னும். உடலில் நான்கு ஜோடி நீண்ட கறுப்பு இழைகள் ஆடிக்கொண்டிருக்கும். மைமின் புழுவுக்கு இலவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள்தான் வேண்டும். இலங்கையில் கறுவா என்கிறார்களே, அந்த மரத்தின் தளிரை இது தின்று தீர்ப்பதால் கறுவாத் தோட்டக்காரர்களுக்கு இது ஒரு பூச்சித்தொல்லை. தென்னிந்தியத் தோட்டங்களிலும் இளங்கன்றுகளைத்தான் அதிகம் தாக்கும், கடுமையாகத் தாக்கினால் இலையின் நடுநரம்பு மட்டும் மிஞ்சும். காட்டில் தேடுவதானால் இந்தக் குடும்பத்து மரங்கள் செந்தளிர் விடும் சமயத்தில், கைக்கெட்டும் உயரத்துக் கிளைகளில், தளிரின் மேல் பாருங்கள். முட்டையை ஒவ்வொன்றாகத்தான் வைத்திருக்கும். சின்னப் புழு பறவை எச்சம் போல இருக்கும். வளர்ந்த புழு கறுப்பு உடலில் முதுகிலும் பக்கத்திலும் மஞ்சள் பட்டை, இடையிடையே சிவப்புப் புள்ளிகள். சீண்டினால் தலைக்குப் பின்னால் இரண்டு கிளையாக ஒரு மென்கொம்பை நீட்டி நாற்றம் விடும். அந்தக் கொம்பு அழகிகள் குடும்பத்துக்கு மட்டுமே உரியது, இதைக் கண்டுவிட்டால் வேறு விவாதமே தேவையில்லை.

கூடு இன்னும் அழகு. க்ரோவின் கூடு வெள்ளிப் பாத்திரம் போல மின்னிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். மைமின் கூடு ஒடிந்துபோன காய்ந்த குச்சியின் மிச்சம் போலவே இருக்கும். அடிப்பகுதி கிளையோடு ஒட்டி இணைந்து, நுனி சட்டென்று முறிந்த மாதிரி மொட்டையாக முடியும். நடுவில் ஒரு பட்டு இழை இடுப்புக்கயிறாகத் தாங்கியிருக்கும். புழுவை வீட்டில் வளர்த்துப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். வழவழப்பான பெட்டியில் இலையை மட்டும் போட்டு வைத்தால், கூடு கட்டப் போகும் புழு ஊன்ற இடம் கிடைக்காமல் சுற்றிச்சுற்றிக் களைத்துப்போகும், அல்லது பெட்டியின் மூடியில் கட்டிவிட்டுத் திறக்கும்போது பிய்ந்து விழும். பென்சில் கனத்தில் சொரசொரப்பான குச்சிகள் இரண்டு மூன்றைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். கூட்டுக்குக் கீழே ஒரு சாண் வெற்றிடம் இருக்கட்டும். வெளிவரும் பூச்சி தொங்கியபடி சிறகை விரித்து உலர்த்த அந்த இடம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சிறகு சுருண்டே காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்த சிறகை நிமிர்த்த வழியே கிடையாது. ஓரிரண்டுக்கு மேல் எடுத்து வராதீர்கள், பூச்சி வெளிவந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இனி நஞ்சு. "அரளியைத் தின்பதால் க்ரோவுக்கு நஞ்சு" என்று பல இடங்களில் எழுதியிருக்கும். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் அப்படியே ஏற்க முடியாது. க்ரோவின் கூட்டையும் முதிர்ந்த பூச்சியையும் சோதித்து, அரளி எருக்கு வகையறாக்களில் உள்ள இதயநஞ்சு அவற்றில் இல்லை என்று 1983இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வெந்தய வரியன் எருக்கிலிருந்து அந்த நஞ்சைச் சேர்த்து வைப்பது உண்மைதான், அதுவும் பூச்சிக்குப் பூச்சி அளவு மாறும். க்ரோ, டைகர்களுக்குப் பெரிய பாதுகாப்பு வேறொரு வழியில் வருகிறது. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளின் காய்ந்த பாகங்களைச் சுரண்டி உறிஞ்சி அவை ஆல்கலாய்டு என்ற கசப்பு நஞ்சுகளைச் சேர்க்கின்றன. இதை அதிகம் செய்வது ஆண்கள், இணைசேரும்போது அதில் ஒரு பங்கு பெண்ணுக்கும் போகிறது. வாடிய கிலுகிலுப்பைக் கட்டு ஒன்றில் நூற்றுக்கணக்கில் டைகர்கள் மொய்ப்பதைக் காட்டுவழிகளில் பார்க்கலாம். இதுபோக இந்தக் கூட்டத்தின் உடல்தோல் நல்ல முரடு. பறவை ஒரு முறை கவ்வி விட்டாலும் செத்துப்போவதில்லை. கசந்து துப்பப்பட்ட பிறகும் பறந்துபோக முடிந்தால்தானே அந்தக் கசப்பால் பூச்சிக்குப் பயன்?

இந்தச் சங்கதியை முதலில் சரியாகப் புரிந்து எழுதியவர் ஆங்கிலேய இயற்கையாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சி சேர்த்துவிட்டு, 1862இல் தன் விளக்கத்தை அச்சிட்டார். இயற்கைத்தேர்வை விளக்கிய டார்வினின் நூல் வெளியாகி மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. கசக்காத பூச்சி கசக்கும் பூச்சியின் உருவம் கொள்வதை இன்றும் பேட்ஸ் வகை ஒப்புமை என்கிறோம். கசக்கும் பூச்சிகளே ஒன்றையொன்று ஒத்திருந்து பாடம் கற்பிக்கும் செலவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பிரேசிலில் வாழ்ந்த ஃப்ரிட்ஸ் முல்லர் 1870களின் இறுதியில் விளக்கியது அது. க்ரோவும் டைகர்களும் தங்கள் உறவுக்காரர்களோடு காட்டும் ஒற்றுமை முல்லர் வகை, மைம் காட்டும் ஒற்றுமை பேட்ஸ் வகை.

வேடம் உடலுக்குள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நன்றாக ஆராய்ந்திருப்பது மைமின் பங்காளி ஒன்றில். நம் வீட்டுக் கறிவேப்பிலையில் புழுவாக வளரும் காமன் மார்மன் அது, கறிவேப்பிலை அழகி என்றும் சொல்வார்கள். இதில் ஆணுக்கு வேடமே இல்லை. பெண்களில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோசா அழகியைப் போல, மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத் தின்று நஞ்சேறிய பூச்சிகள் இந்த இரண்டு அசல்களும். சிவப்புடல் அழகி பறக்கும் இந்தியா, இலங்கைப் பகுதியில்தான் மூன்றாவது வகை மார்மன் பெண்ணும் இருக்கிறது, அசல் இல்லாத நாடுகளில் அந்த நகலும் இல்லை. இங்கும் பறவை பார்க்காத இடம் காட்டிக்கொடுத்துவிடும். அசல்கள் இரண்டுக்கும் உடல் செக்கச்செவேல் என்றிருக்கும், மார்மன் பெண்ணுக்குச் சிறகில் சிவப்பு வந்திருக்கிறதே தவிர உடல் கறுப்புதான்.

ஒரே குடும்பத்தில் அம்மா ஒரு உருவம், மகள் இன்னொரு உருவம் என்று வருவதை இலங்கையில் வைத்தே வளர்த்துக் கணக்கெடுத்தார் பூச்சியியலாளர் ஃப்ரையர். 1913இல் அவர் முடிவு வெளியானது. வேடம் ஒன்றிரண்டு மரபுக் காரணிகளின் பொத்தானைப் போல மாறுகிறது, இடைநிலை உருவங்கள் வருவதில்லை என்று அது காட்டியது. இதை வைத்து மரபியலாளர் புன்னெட் 1915இல், இந்த ஒற்றுமை படிப்படியாக வந்ததல்ல, ஒரே தாவலில் வந்தது என்று வாதிட்டார். இன்னொரு மரபியலாளர் ஃபிஷர் அதை மறுத்தார்: பொத்தான் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அந்தப் பொத்தான் ஏற்றிவைக்கும் உருவத்தைப் பல சிறு மாற்றங்கள் பிறகு மெருகேற்றியிருக்கலாம் என்றார். லிவர்பூலில் கிளார்க்கும் ஷெப்பர்டும் மார்மனை மறுபடி வளர்த்து, வேடமிட்ட உருவம் வேடமற்றதை மேலோங்கி நிற்பதை 1972இல் விரிவாக எழுதினார்கள். இந்தக் கிளார்க் தொழிலால் மருத்துவர். ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்மார்களுக்கு இன்று போடும் ஆன்டி-டி ஊசி அவருடைய குழுவின் பணியிலிருந்து பிறந்தது, பட்டாம்பூச்சியின் மரபியலிலிருந்துதான் அவர் மனிதரின் ஆர்ஹெச் ரத்தவகைக்கு வந்து சேர்ந்தார். அந்த ஒரு பொத்தான் எது என்பதை 2014இல் பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ ஆய்வாளர்களும் கண்டார்கள். டபுள்செக்ஸ் என்ற மரபணு அது. பூச்சிகளில் ஆண், பெண் உடல் வேறுபாட்டை நடத்தும் அதே மரபணு. மறு ஆண்டு ஜப்பானியக் குழு, வேடமிட்ட பெண்களில் அந்த மரபணு இருக்கும் துண்டு சுமார் 1,30,000 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குத் தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் காட்டியது. திரும்பிய துண்டு திரும்பாத துண்டோடு கலந்து பிரிவது தடைபடும். பாதி ரோசா, பாதி ஆண் என்ற அரைகுறை உருவங்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு விளக்கம் அங்கே இருக்கிறது. மார்மனில் வேடம் பெண்ணோடு நின்றுவிடுகிறது, மைமில் ஆண் பெண் இருவருக்கும் உண்டு. அதனால் மார்மனின் கதையை அப்படியே மைமுக்கு ஏற்றிச் சொல்வது தவறு.

எது உறுதி, எது இழுபறி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறவை ஒருமுறை கசந்தால் அந்த உருவத்தையே ஒதுக்கும் என்பது உறுதி. 1958இல் ஜேன் பிரவர் கூண்டுப் பறவைகளுக்குக் கசக்கும் மோனார்க் பட்டாம்பூச்சியை முதலில் கொடுத்து, பிறகு அதைப் போன்ற வைஸ்ராயைக் கொடுத்தபோது அவை தொட மறுத்தன. ஆனால் அதே ஜோடியில் கதை திரும்பியது. வைஸ்ராய் வெறும் வேடதாரி என்று பாடநூல்கள் முப்பது ஆண்டுக்கு மேல் சொல்லிவந்தன. 1991இல் சிறகுகளை நீக்கிவிட்டு வயிற்றை மட்டும் பறவைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வைஸ்ராயும் மோனார்க் அளவுக்கே கசப்பு என்று தெரிந்தது. பேட்ஸ் வகை, முல்லர் வகை என்ற பிரிவு நாவில் வைத்துச் சோதித்த பிறகே உறுதியாகும் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. சிறகில் உள்ள அலகுத் தழும்புகளை எண்ணி எந்த இனத்தைப் பறவை அதிகம் தாக்குகிறது என்று சொல்வதும் இழுபறிதான். தழும்போடு பறக்கும் பூச்சி தப்பியது, அவ்வளவே. தின்னப்பட்டது தழும்பு காட்ட வராது. மார்மன் ஆண் ஏன் வேடம் போடவில்லை என்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் போட்டியிடுகின்றன. முட்டை சுமந்து மெல்லப் பறக்கும் பெண்ணுக்கே ஆபத்து அதிகம் என்பார்கள் சிலர், பழைய ஆண் உருவத்தைத்தான் பெண் விரும்புகிறது என்பார்கள் வேறு சிலர்.

உங்கள் படத்துக்கு வருவோம். அதைப் பெரிதாக்கி முதலில் பின்சிறகின் ஓரம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மஞ்சள், பிறகு கால்கள். நேர் மேலிருந்து சிறகு விரித்ததை மட்டும் எடுத்திருந்தால், மூலையில் மஞ்சள் எட்டிப் பார்க்காதபோது, யாராலும் உறுதி சொல்ல முடியாது, சொன்னாலும் நம்ப வேண்டாம். அடுத்த முறை ஓடைக்குப் போகும்போது, வெயில் ஏறிய காலை நேரத்தில், உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாத பக்கமாக மெல்லக் குனிந்து போங்கள். நின்றபடி எடுக்காமல் கேமராவை மணல்மட்டத்துக்கு இறக்குங்கள், அப்போதுதான் கால்கள் தெரியும். பிளாஷ் வேண்டாம், கறுப்புச் சிறகு பளபளத்து ஓரத்து மஞ்சள் வெளிறி வெள்ளையாகிவிடும். கைப்பேசிதான் இருக்கிறதென்றால் பத்து விநாடி வீடியோ எடுத்து, பூச்சி சிறகை மூடித் திறக்கும் இடத்தில் நிறுத்தித் தனிப்படமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு படம் எடுத்ததும் கையை லேசாக அசையுங்கள், எழுந்து போகிற வேகத்தைக் கவனியுங்கள்.